நீக்கினால் தீர்ந்துவிடுமா? வீடியோ கேம்களும் பண்பாட்டு உணர்வும்

வீடியோ கேம் கலையா, வெறும் பொழுதுபோக்கா என்ற வாதம் பெருமளவு ஓய்ந்துவிட்டது. 2010-இல் அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபெர்ட், வீடியோ கேம் ஒருநாளும் கலையாகாது என்று எழுதினார். மறுஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறுவர்களுக்கு வன்முறை கேம்களை விற்கத் தடை விதித்த கலிஃபோர்னியா சட்டத்தை 7-2 என்ற கணக்கில் ரத்து செய்தது. நூலுக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உள்ள கருத்துரிமைப் பாதுகாப்பு கேமுக்கும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2012 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், பேக்மேன், டெட்ரிஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. கலைக்குரிய மதிப்பு வந்ததும், கலையை விடாமல் துரத்தும் வழக்கும் கூடவே வந்தது: பிறரின் நம்பிக்கையையும் வரலாற்றையும் துயரத்தையும் எடுத்தாள யாருக்கு எவ்வளவு உரிமை?

நாவலும் சினிமாவும் நெடுங்காலமாகச் சந்தித்துவரும் கேள்விதான் இது. ஆனால், கேமில் இதற்கு ஒரு கூடுதல் பாதி உண்டு. திரைப்படத்தில் ஒருவன் கோயில் சிலையை உடைத்தால் பார்வையாளர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேமில் பொத்தானை அழுத்தி உடைப்பவர் விளையாடுபவரே. உடைத்ததற்குப் புள்ளிகூடக் கிடைக்கலாம். என்ன காட்டப்படுகிறது என்பதோடு, விளையாடுபவரின் கைக்கு என்ன வேலை தரப்படுகிறது, எதற்குப் பரிசு கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பெரும்பாலான சர்ச்சைகள் இந்தப் பாதியைக் கவனிப்பதில்லை. படத்தையும் ஒலியையும் பிடித்துக்கொண்டு சண்டை நடக்கிறது; விதிகள் தப்பித்துவிடுகின்றன.

ஒலியிலிருந்தே தொடங்கலாம். 1998-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்’ கேமில் நெருப்புக் கோயில் என்றொரு கட்டம் வரும். அதன் முதல் பிரதிகளில் பின்னணியாக ஒலித்தது இஸ்லாமிய ஓதல். விலைக்குக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து, மர்மமாக ஒலிக்கிறது என்பதற்காக எடுத்துச் சேர்த்தது. பின்னர் வந்த பிரதிகளில் அது நீக்கப்பட்டு, கணினியில் உருவாக்கிய குரல்கள் வந்தன. நிண்டெண்டோ சத்தமில்லாமல் திருத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்டுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. 2002-இல் எக்ஸ்பாக்ஸுக்காக வந்த ‘ககுத்தோ சோஜின்’ என்ற சண்டை கேமில் குர்ஆன் ஓதல் இடம்பெற்றிருப்பதை வெளியீட்டுக்கு முன்பே நிறுவனத்துக்குள் சிலர் சுட்டிக்காட்டியிருந்தனர். யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பில் கேம் கடைகளுக்குப் போனது. சவூதி அரேபிய அரசு எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 2003-இல் அது சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

இந்த அனுபவங்கள் நிறுவனங்களுக்கு அச்சத்தைக் கற்றுத்தந்தன. அச்சத்தின் விளைவு 2008 அக்டோபரில் தெரிந்தது. பிளேஸ்டேஷன் 3-க்கான ‘லிட்டில்பிக்பிளானெட்’ வெளியாகச் சில நாள்களே இருந்தன. அதில் சேர்க்கப்பட்ட ஒரு பாடலில் குர்ஆன் தொடர்கள் இரண்டு வருவதாக விளையாடுபவர் ஒருவர் சோனிக்கு எழுதினார். உலகம் முழுவதும் அனுப்பிவைத்த டிஸ்குகளைத் திரும்பப் பெற்று, குரலை நீக்கிவிட்டு மறுபடி வெளியிட்டது சோனி. அந்தப் பாடல் ‘தாஃபா நியாங்’. உருவாக்கியவர் மாலி நாட்டின் தூமானி ஜபாத்தே. கோரா என்னும் 21 தந்திக் கருவியில் உலகப் புகழ்பெற்றவர், தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் கிரியோ மரபினர், முஸ்லிம். தம் சமூகத்தில் இறைவாக்கைப் பாடலில் சேர்ப்பது இயல்பானது என்பதே அவருடைய நிலை. மேற்கு ஆப்பிரிக்க இஸ்லாத்தின் வழக்கம் அது. அமெரிக்க முஸ்லிம் அமைப்பு ஒன்றின் தலைவரும் சோனியின் முடிவைக் கருத்துரிமையின் பெயரால் கண்டித்தார்.

மேலே சொன்ன மூன்றையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. முதல் இரண்டிலும் ஒரு சமயத்தின் ஓதல், அதன் பொருள் தெரியாதவர்களால் பயமூட்டும் ஓசையாகப் பயன்பட்டது. மூன்றாவதில் ஒரு முஸ்லிம் கலைஞர் தம் சமயத்தைத் தம் மரபுப்படி பாடினார். நிறுவனங்கள் இரு வகைக்கும் ஒரே மருந்தைத் தந்தன. புண்படுவார்களோ என்ற பயத்தில் எடுத்த முடிவு, அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒருவரின் குரலையே வெட்டி எறிவதில் முடிந்தது.

எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் அலங்காரமாகப் பார்க்கும் கண்ணும் இதே வகைதான். 2009-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ கேமில், இறைவனின் அழகைப் போற்றும் நபிமொழி ஒன்று அரபு எழுத்தில் சட்டமிட்டு, கழிப்பறைச் சுவரில் தொங்கியது. 2012-இல்தான் அது நீக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே வரிசையில் வந்த ‘வேன்கார்ட்’ கேமில் குர்ஆன் தாள்கள் தரையில் சிதறிக் கிடந்தன. மீண்டும் மன்னிப்பு, மீண்டும் நீக்கம். 2009-ஆம் ஆண்டு கேமில் கராச்சி நகரமும் வருகிறது. அங்கே கடைப் பலகைகள் உருதுவில் இல்லை, அரபு மொழியில் இருக்கின்றன. இதற்கு யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. கோடிக்கணக்கானோர் வாழும் ஒரு நாட்டின் மொழி எது என்றுகூடப் பார்க்காதது சமயக் குற்றம் ஆகாது. ஆனால், அலட்சியத்தின் அளவு அதில்தான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

கைக்குத் தரும் வேலையே சிக்கலான சம்பவம் ஒன்று 2020-இல் நடந்தது. பப்ஜி மொபைலில் ‘மிஸ்டீரியஸ் ஜங்கிள்’ என்ற புதிய பகுதி வந்தது. அதில் தொல்குடிச் சிலை போன்ற தூண்களின் முன் விளையாட்டுப் பாத்திரம் பணிந்து வணங்கினால் ஆற்றல் கூடும். வளைகுடா நாடுகளின் முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். சிலை திரையில் இருப்பதை அவர்கள் எதிர்க்கவில்லை. தன் விரலால் தன் பாத்திரத்தைச் சிலைக்கு முன் பணியவைப்பதும் அதற்குப் பரிசு பெறுவதும்தான் அவர்களை உறுத்தின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தச் செயலை நீக்கியது. கேமுக்கே உரிய நியாயமான ஆட்சேபம் என்றால் இதைச் சொல்லலாம்.

குறியீடுகளின் கதை வேறு வழியில் போகிறது. ஜப்பானில் கோயில்களைக் குறிக்க வரைபடங்களில் இடம்பெறும் மஞ்சி, நம்மூர்க் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மஞ்சளில் வரையும் ஸ்வஸ்திகத்தின் உறவு. போகிமான் சீட்டு ஒன்றில் அது இருந்ததைப் பார்த்து 1999-இல் அமெரிக்க யூத அமைப்பு ஆட்சேபித்தபோது, நிண்டெண்டோ அந்தச் சீட்டையே நிறுத்திவிட்டது. ஆசியாவில் மங்கலம், ஐரோப்பாவில் மரணமுகாம். ஒரே சீட்டு இரு கண்டங்களிலும் விற்கும்போது, யார் மனம் முதலில் கணக்கில் வரும் என்பதைச் சந்தையின் பலமே தீர்மானிக்கிறது.

ஜெர்மனி இந்தச் சிக்கலைச் சட்டத்தால் கையாண்டது. நாஜிக் குறிகளைக் காட்டுவது அங்கே குற்றம். கலைக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. திரைப்படங்கள் அந்த விலக்கை அனுபவித்தன, கேம்களுக்கு நெடுநாள் கிடைக்கவில்லை. 2017-இல் வந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 2’ கேமின் ஜெர்மன் பதிப்பில் ஹிட்லருக்கு மீசையை மழித்துவிட்டார்கள். நாஜிகளை எதிர்த்துப் போராடும் கதையில் நாஜிகளை அடையாளம் தெரியாமல் ஆக்கிய விநோதம் அது. 2018 ஆகஸ்டில் அந்நாட்டின் தரச்சான்று அமைப்பு, ஒவ்வொரு கேமையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவெடுப்பதாக அறிவித்தது. அந்த வழியில் முதலில் அனுமதி பெற்ற ‘த்ரூ தி டார்க்கெஸ்ட் ஆஃப் டைம்ஸ்’, ஹிட்லர் ஆட்சிக் கால பெர்லினில் மறைவாக இயங்கும் சாதாரணக் குடிமக்களின் எதிர்ப்புக் குழுவைப் பற்றியது. துண்டறிக்கை ஒட்டுவதற்கே உயிரைப் பணயம் வைக்கவேண்டிய அந்தக் கதையில், ஸ்வஸ்திகக் கொடி இல்லாவிட்டால் ஆபத்தே புரியாது.

இந்தியாவில் திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் உண்டு. கேமின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து வயதுச் சான்று தரும் தேசிய வாரியம் கிடையாது. 2022-இல் தமிழ்நாடும் 2025-இல் ஒன்றிய அரசும் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டங்களின் முதன்மைக் கவலை பணம் வைத்து ஆடுவது. ஆக, உள்ளடக்கம் பற்றிய முடிவை நிறுவனங்கள் முன்கூட்டியே தாங்களே எடுத்துவிடுகின்றன. 2008-இல் ‘ஃபால்அவுட் 3’ கேமை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. காரணமாகச் சொன்னது பண்பாட்டு உணர்வுகள். எந்த உணர்வு என்று விளக்கவில்லை. அணுப்போருக்குப் பிந்தைய உலகில் திரியும் இரட்டைத் தலை மாடுகளுக்கு அந்தக் கேமில் ‘பிராமின்’ என்று பெயர் என்பதால், அதுவே காரணம் எனப் பலரும் ஊகித்தார்கள். யாரும் புகார் சொல்லும் முன்பே, யார் புண்படுவார்கள் என்று வெளியிலிருந்து ஒரு நிறுவனம் முடிவுகட்டிவிட்டது.

இந்துக் கடவுளரைப் பற்றிய எதிர்ப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தே வந்தது. ஹைதராபாத் நிறுவனம் உருவாக்கி 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ கேமை, நெவாடாவைச் சேர்ந்த இந்து சமயச் செயற்பாட்டாளர் ராஜன் ஜெட் எதிர்த்தார். விளையாடுபவரின் கையில் கடவுள் பொம்மையாகிறார் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் சற்று விநோதமாகவே படும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது இங்கே பக்தியின் ஒரு பகுதி. தோற்பாவைக் கூத்தில் கடவுள் கலைஞனின் விரலில்தான் ஆடுகிறார். கூத்தில் வேடம் கட்டியவரைக் கும்பிடுவதும் கேலி பேசுவதும் ஒரே இரவில் நடக்கும். விளையாட்டும் வழிபாடும் பகை என்ற நினைப்பு இந்த மண்ணுடையது அல்ல.

அதே ராஜன் ஜெட் 2012-இல் ‘ஸ்மைட்’ கேமில் காளியைச் சித்திரித்த விதத்தை எதிர்த்தபோது, விஷயம் வேறாக இருந்தது. பல நாட்டுத் தெய்வங்களை மோதவிடும் அந்த அமெரிக்கக் கேமில், காளி கவர்ச்சிப் பதுமையாக வடிக்கப்பட்டிருந்தாள். மரபுச் சித்திரங்களிலும் காளிக்கு ஆடை குறைவுதான். கபால மாலையும் வெட்டுண்ட கைகளுமே அணி. ஆனால், அந்தச் சித்திரத்தைப் பார்ப்பவருக்கு எழுவது அச்சமும் சரணாகதியும். கேமில் அந்த நிர்வாணத்தின் உக்கிரத்தைக் கழற்றிவிட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முந்தைய எதிர்ப்பு பலவீனமானது, இது வலுவானது. இரண்டையும் ஒருவரே எழுப்பியதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒரு சமூகத்தின் பெயரால் முதலில் குரல் கொடுப்பவரே அந்தச் சமூகம் என்று எடுத்துக்கொள்வது நிறுவனங்களுக்கு வசதியான சோம்பல். புனேயில் உருவாகி 2020-இல் வந்த ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’கில் துர்க்கையும் விஷ்ணுவும் கதைசொல்லிகளாகவே வருகிறார்கள், வரவேற்பே மிகுந்தது.

அண்மைக் காலத்தில் மிக அதிகம் பேசப்பட்டது யூபிசாஃப்டின் ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் போர்ப்பிரபு ஓடா நொபுநாகாவிடம் பணியாற்றிய யாசுகே என்ற ஆப்பிரிக்கர் அதன் இரு நாயகர்களில் ஒருவர். கறுப்பினத்தவர் நாயகனாகலாமா என்ற கூச்சல் பெருமளவு ஜப்பானுக்கு வெளியே கிளம்பியது. அதைப் பண்பாட்டு உணர்வு என்று அழைப்பது மரியாதைக்குரிய சொல்லை வீணடிப்பதாகும். ஜப்பானியர்களின் உண்மையான மனக்குறைகள் வேறு. செகிகஹாரா பகுதியில் பழைய துப்பாக்கிப் படை மரபை நடித்துக்காட்டும் குழுவின் கொடி, அனுமதி பெறாமல் ஓவியத்தில் இடம்பெற்றிருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விற்பனைக்கு அறிவித்த உருவபொம்மை ஒன்றில், ஒற்றைக்கால் தோரி வாயில் ஒன்று இருந்தது. நாகசாகியின் சன்னோ ஆலயத்தில், 1945 ஆகஸ்ட் 9 அணுகுண்டில் ஒரு கால் பெயர்ந்து மறுகால் மட்டும் நிற்கும் வாயிலை அது அப்படியே ஒத்திருந்தது. பொம்மை விற்பனைத் திட்டம் கைவிடப்பட்டது. விளையாடுபவர் ஆலயத்துக்குள் புகுந்து பலிபீடத்தையும் தட்டுமுட்டுகளையும் உடைக்க முடிந்தது குறித்து 2025 மார்ச்சில் ஜப்பான் நாடாளுமன்ற மேலவையில் கேள்வி எழ, அப்போதைய பிரதமர் இஷிபா, ஆலயத்தை இழிவுபடுத்துவது ஏற்கத்தக்கதல்ல என்று பதிலளித்தார். மார்ச் 20 வெளியீட்டுடனேயே வந்த அப்டேட், ஆலயப் பொருள்களை உடைக்க முடியாதவையாக மாற்றியது. இங்கும் கையின் வேலைதான் உறுத்தியது, படம் அல்ல.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’. இதுவும் ஜப்பானியர் உருவாக்கியது அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சக்கர் பஞ்ச் நிறுவனம் 2020-இல் வெளியிட்டது. 1274-இல் மங்கோலியர் படையெடுத்த கதை. வரலாற்றுப் பிழை தேடினால் நிறையக் கிடைக்கும்: நாயகன் ஆங்காங்கே அமர்ந்து ஹைக்கூ இயற்றுகிறான், அந்தக் கவிதை வடிவமோ பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனாலும், ஜப்பானில் அது கொண்டாடப்பட்டது. 2021-இல் சுஷிமா தீவு நிர்வாகம் கேமின் இயக்குநர்கள் நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் சுற்றுலாத் தூதர்களாக்கியது. புயலில் அங்குள்ள ஆலயம் ஒன்றின் தோரி வாயில் விழுந்தபோது, திருத்திக் கட்ட 50 லட்சம் யென் கேட்டார்கள். கேம் ரசிகர்களும் சேர்ந்து குவித்ததில் 2.7 கோடி யென் வந்தது. அந்தக் கேமில் ஆலயத்துக்குச் செல்லும் வீரன் செய்யக்கூடியது தலை வணங்குவது. வரலாற்றுத் துல்லியமும் மரியாதையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

படத்திலும் ஒலியிலும் குறை இல்லாமல், விதிகளிலேயே குறை இருக்கும் கேம்களும் உண்டு. ‘சிவிலைசேஷன்’ வரிசையில் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் தலைமையை ஏற்று, நகரங்களை நிறுவி, நிலத்தைக் கைப்பற்றி, உலகை வெல்ல வேண்டும். 2013-இல் அதில் அமெரிக்கப் பழங்குடியினரான பியூப்லோ மக்களின் தலைவர் போப்பேயைச் சேர்க்க ஃபிராக்சிஸ் நிறுவனம் விரும்பியது. 1680-இல் ஸ்பானியரை எதிர்த்து எழுந்தவர் அவர். பியூப்லோ தலைவர்களிடம் கேட்டபோது, அவரை இப்படிச் சித்திரிப்பது தங்கள் நெறிக்கு ஒவ்வாது என்றார்கள். நிறுவனம் விட்டுவிட்டது. ஐந்தாண்டுக்குப் பின், கனடாவின் கிரீ தலைவர் பவுண்ட்மேக்கர் அடுத்த கேமில் சேர்க்கப்பட்டார். உருவம், மொழி, இசை எல்லாவற்றிலும் கவனம் தெரிந்தது. ஆனால், அவருடைய மக்களில் ஒருவரான தலைவர் மில்டன் டூட்டூசிஸ் வேறொன்றைக் கேட்டார்: பிறர் நிலத்தைக் கவர்ந்து ஆள்வது எங்கள் மதிப்பீடே அல்ல, அதையே வெற்றியாக வைத்த விளையாட்டில் எங்கள் தலைவருக்கு என்ன வேலை? 1885-இல் தேசத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளப்பட்டவர் பவுண்ட்மேக்கர். 2019-இல்தான் கனடா அரசு அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. டூட்டூசிஸின் கேள்விக்கு எந்த அப்டேட்டாலும் பதில் சொல்ல முடியாது. நீக்குவதற்கு அங்கே ஒரு படமோ பாட்டோ இல்லை.

போர்க் கேம்களில் இந்தக் கோணல் இன்னும் கனமானது. 1991-இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியர்கள்மீது அமெரிக்கத் தலைமையிலான படைகள் குண்டு பொழிந்த சாலைக்கு ‘மரண நெடுஞ்சாலை’ என்று பெயர் வந்தது. 2019-இன் ‘மாடர்ன் வார்ஃபேர்’ அதே பெயரில் ஒரு சாலையைக் கற்பனை நாட்டில் வைத்து, பழியை ரஷ்யர்கள்மேல் போட்டது. ஒரு சமயக் குறியைத் தவறாக வைத்ததைவிட இது பெரிய பிழை. ஆனால், கழிப்பறைச் சுவரில் தொங்கிய நபிமொழிக்கு நடந்ததுபோல் இதற்கு எந்த நீக்கமும் நடக்கவில்லை.

உணர்வு என்ற பெயரில் அதிகாரமும் வரும். 2019 பிப்ரவரியில் தைவானின் ரெட் கேண்டில் வெளியிட்ட ‘டிவோஷன்’ கேமில், சீன அதிபரைக் கார்ட்டூன் கரடியோடு ஒப்பிடும் வாசகம் ஒரு தாயத்து ஓவியத்தில் ஒளிந்திருந்தது. சீனாவில் எதிர்ப்புக் கிளம்பியதும், 1980-களின் தைவான் குடும்பம் ஒன்றின் மூடநம்பிக்கைத் துயரத்தை நுட்பமாகச் சொன்ன அந்தப் படைப்பு இணையக் கடையிலிருந்து மறைந்தது. நிறுவனமே 2021-இல் தன் தளத்தில் விற்கத் தொடங்கும்வரை இணையத்தில் அது விற்பனைக்குக் கிடைக்கவில்லை. ஆட்சியாளரின் கோபத்தைப் பண்பாட்டின் வலி என்று ஏற்றுக்கொண்டால் கலைக்கு இடமே இராது.

கேட்டுச் செய்வது எப்படி இருக்கும் என்பதற்கு அலாஸ்காவின் ‘நெவர் அலோன்’ முன்மாதிரி. குக் இன்லெட் பழங்குடி மன்றம் தானே முதலீடு செய்து, கேம் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 2014-இல் வெளியிட்டது. இனுபியாட் முதியோரும் கதைசொல்லிகளும் எழுத்திலும் வடிவமைப்பிலும் பங்கேற்றார்கள். அடிப்படைக் கதையைச் சொல்லிவைத்த ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்டின் மகளிடம் முறைப்படி அனுமதி பெறப்பட்டது. கதை அந்த மக்களின் மொழியிலேயே சொல்லப்படுகிறது. மறுஆண்டு பாஃப்டா அறிமுகப் படைப்பு விருது கிடைத்தது. அதே விருதை 2024-இல் பெற்றது ஒரு தமிழ்க் கதை: டொரண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி வார்ப்பதுதான் விளையாடுபவரின் வேலை. மகன் தமிழைவிட்டு விலகும் வலி, அவனுடைய டிபன் டப்பாவில் தெரிகிறது. யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிராமல் கதை நடக்கிறது. உலகெங்கும் உள்ளவர்கள் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று தடுமாறியபடியே அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

தமிழர்கள் இதுவரை பெரும்பாலும் சித்திரிக்கப்படாதவர்களாகவே இருந்திருக்கிறார்கள். அது மாறிக்கொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ கேமில் சோழர்கள் ஒரு நாகரிகமாக இடம்பெற்றிருக்கிறார்கள். தமிழ் விளையாட்டாளர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால், இராசராசன், இராசேந்திரன் காலப் படையெடுப்புகள் இங்கே பெருமிதமாகவும், இலங்கையின் சிங்கள வரலாற்று நினைவில் அனுராதபுரத்தின் வீழ்ச்சியாகவும் பதிந்திருக்கின்றன. மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டு சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. கடாரப் படையெடுப்புக்கும் மலாய்க் கரையில் வேறொரு பக்கம் உண்டு. சென்னையிலோ கோவையிலோ யாராவது இராசேந்திரனை நாயகனாக்கி ஒரு கேம் செய்ய உட்கார்ந்தால், அனுராதபுரக் கட்டத்தில் விளையாடுபவரின் கைக்கு என்ன வேலை தரப்போகிறோம், எதற்குப் புள்ளி தரப்போகிறோம் என்பதைச் சிங்கள வரலாற்றாசிரியர் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு முதல் நாளிலேயே தீர்மானிக்கட்டும். புகார் வந்த பிறகு அனுப்பும் அப்டேட்டைவிட அதற்குச் செலவு குறைவு.